மூக்கைத் தரையில் வைத்து நிற்கும் விமானம்: டர்பன் பக்கத்தில் நடந்த ஒரு சேதமும் அதன் பிறகு செய்த மாற்றங்களும்

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்து வடகரையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய புல்தரை விமானத்தளம். குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே பொதுமக்களுக்கான நாள் நடத்தினார்கள். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நிதி சேர்ப்பது நோக்கம். சிறு விமானங்கள் வரிசையாக நிற்கும், குழந்தைகள் பார்க்கலாம், மதியத்துக்கு மேல் சில விமானங்கள் பறந்து காட்டும், சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் பக்கத்திலிருந்து நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. தளத்தின் பெயரும் வேண்டாம். அப்படியொரு சேதம் எந்தத் தளத்திலும் நடக்கும்.

சேதமான விமானம் ஒரு லாங்-ஈஸி. வீட்டில் கட்டியது. உரிமையாளர் வெருலம் பக்கத்துத் தமிழர், அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாங்-ஈஸியை வடிவமைத்தவர் அமெரிக்காவின் பர்ட் ரூட்டன். முதல் விமானம் பறந்தது 1979இல். 1985இல் அவர் வரைபட விற்பனையை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு இதைக் கட்ட ஆசைப்படுபவர்கள் யாரோ பாதியில் விட்டதைத்தான் வாங்க வேண்டும். நம் ஆளும் உள்நாட்டில் ஒருவர் கொட்டகையில் தூசி படிந்து கிடந்ததை வாங்கிவந்து, தன் வீட்டு கராஜில் பல வருடம் வேலை செய்து முடித்தவர். தென்னாப்பிரிக்காவில் இந்த மாதிரி வீட்டில் கட்டிய விமானங்களின் பதிவெண் 'இசட்-யு' என்று தொடங்கும். அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பறக்க அனுமதி.

நான் தூத்துக்குடிக்காரன். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய படகுப் பட்டறையில் ஃபைபர்கிளாஸ் வேலை பார்க்கிறேன். விமானம் ஓட்டத் தெரியாது. உரிமையாளருக்கு எபாக்ஸிப் பசை, ஃபைபர்கிளாஸ் துணி என்று ஏதாவது தேவைப்பட்டால் எங்களிடம்தான் வாங்குவார், அந்தப் பழக்கம். அன்று சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். பிறகு சோதனையிலும் பழுதிலும் கூட இருந்ததால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்த விமானம் ஏன் இப்படி நிற்கிறது

இதைச் சொல்லாமல் மற்றது புரியாது. வழக்கமான விமானத்தில் பெரிய சிறகு முன்னே, சின்ன சிறகு வாலில். லாங்-ஈஸியில் சின்ன சிறகு மூக்கருகே இருக்கிறது. அதைத்தான் கனார்ட் என்கிறார்கள். இயந்திரமும் புரொப்பெல்லரும் பின்பக்கம். ஓட்டுபவர் முன் இருக்கையில் இருக்கும்போது எடை சரியாக இருக்கும். அவர் இறங்கிவிட்டால் பின்னாலுள்ள இயந்திரம் ஜெயித்துவிடும். விமானம் பின்பக்கமாகச் சாய்ந்து புரொப்பெல்லர் தரையில் அடிபடும். அதனால் நிறுத்தும்போது முன்சக்கரத்தை உள்ளே மடக்கி, மூக்கைத் தரையில் வைத்துவிடுவார்கள். மூக்கின் அடியில் அதற்கென்றே ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. அப்படி நிற்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

தெரியாதவர் கண்ணுக்கோ அது முன்சக்கரம் ஒடிந்து விழுந்து கிடக்கிற விமானம். மூக்கு இறங்கியதும் கனார்டும் கூடவே இறங்கிவிடும். உட்காரச் சொல்லி அழைக்கிற திண்ணை உயரத்துக்கு வந்துவிடும். காலி எடையே ஏறத்தாழ 320 கிலோதான், அதிலும் பெரும்பகுதி பின்சக்கரங்கள் மேல். மூக்கில் இருக்கிற பாரம் மிகக் குறைவு, ஒரே ஆள் தூக்கிவிடலாம். உடைந்த மாதிரி தோற்றம், உட்காரத் தோதான உயரம், தூக்கச் சுலபமான எடை. மூன்றும் ஒரே விமானத்தில்.

அடுத்தது பொருள். உள்ளே ஃபோம், மேலே ஃபைபர்கிளாஸ் தோல், நடுவில் எபாக்ஸி. பறக்கும்போது அந்தக் கனார்ட் விமானத்தின் எடையில் கணிசமான பங்கைத் தாங்குகிறது, அது ஒன்றும் நோஞ்சான் இல்லை. ஆனால் காற்று அந்தப் பாரத்தை மூன்றரை மீட்டர் நீளத்துக்கும் பரப்பிக் கொடுக்கும். ஒரு முழங்காலோ குதிகாலோ ஒரே இடத்தில் அழுத்தினால் தோலுக்கு அடியிலுள்ள ஃபோம் நசுங்கிவிடும். நசுங்கியதும் தோல் பழையபடி மேலே எழும்பி ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். அலுமினியத் தகடு என்றால் பள்ளம் விழுந்து காட்டிக்கொடுக்கும், இது காட்டாது. படகிலும் இதே கதைதான். மீன்பிடிப் படகின் மேல்தளத்தில் ஐஸ்பெட்டியைப் போட்ட இடம் பளபளவென்று இருக்கும், தட்டிப் பார்த்தால்தான் உள்ளே செத்துக் கிடப்பது தெரியும்.

அன்று காலை

உரிமையாளர் ஒன்பது மணிக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார். அவர் செய்தவற்றில் குறை சொல்ல அதிகம் இல்லை. மூக்கை இறக்கினார், பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார், மேல்கண்ணாடியைப் பூட்டினார், மூக்கிலுள்ள காற்றழுத்தக் குழாய்க்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை மாட்டினார், மரப் புரொப்பெல்லரைக் கிடைமட்டமாகத் திருப்பி வைத்தார். செங்குத்தாக விட்டால் விமானம் பின்னால் சாயும்போது நுனிதான் முதலில் தரையைத் தொடும்.

நிறுத்திய இடம் அவர் தேர்ந்தெடுத்தது இல்லை. வரிசையின் கடைசியில், சாப்பாட்டுக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அங்கே போகச் சொன்னார்கள். அந்தக் கடைசிக் கூடாரத்தில் பனி சௌ விற்றார்கள், அதாவது பாதி ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு. அதன் வரிசை வளைந்து வளைந்து விமானத்தின் இடது சிறகு வரை வந்துவிட்டது. கையில் சூடான ரொட்டியோடு நிற்க இடம் தேடுகிற ஜனம் அது. விமானத்துக்கு முன்னால் மட்டும் பிளாஸ்டிக் நாடா ஒன்று கட்டியிருந்தார்கள், மூக்கிலிருந்து ஒரு கை நீளத் தூரத்தில். பத்தரை மணிக்கு அது தரையில் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றின் வரிசை எப்படித் தெரியும் என்றால், வந்தவர்கள் போனில் எடுத்த படங்களிலிருந்து. அமைப்பாளர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், ஜனங்கள் நல்ல மனதோடு அனுப்பினார்கள். படம் எடுத்த நேரத்தை வைத்து அடுக்கினோம். இந்த யோசனை பள்ளி ஆசிரியை ஒருவருடையது. சேதத்தைப் புரிந்துகொள்ள வேறு எதையும்விட இதுதான் உதவியது.

10:50 படத்தில் இடது சிறகின் அடிப்பகுதியில், எரிபொருள் தொட்டி இருக்கும் அகலமான இடத்தில், ஒரு கைப்பையும் கூல்டிரிங்க் டப்பாவும் இருக்கின்றன. உரிமையாளர் அதே படத்தில் வலது பக்கம் ஒரு குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். சிறகின் மொத்த அகலம் எட்டு மீட்டர். ஒரு ஆள் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது.

11:15 வாக்கில் ஒரு பையன் சிறகின் மேல் விரலால் தன் பெயரை எழுதுகிறான். அது கரும்பு வெட்டும் காலம். தோகையை எரிக்கும்போது பறக்கும் கரி அந்தப் பக்கத்தில் எல்லாவற்றின் மேலும் படியும், வெள்ளை விமானத்தில் நன்றாகவே தெரியும். பையன் எழுதியது நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்தக் கரியோடு மண்ணும் இருக்கும். கழுவிய பிறகும் அந்தப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் பெயின்ட்டில் மெல்லிய கீறலாகத் தெரிந்தன.

11:30க்கு விமானிகள் எல்லாரும் மதியப் பறப்புக்கான கூட்டத்துக்கு வர வேண்டும், வராதவர் பறக்க முடியாது. உரிமையாளர் போனார். பக்கத்து விமானத்துக்காரரும் போனார். எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் ஆளில்லாமல் நின்றன. கூட்டம் மிக அதிகமாக இருந்த நேரமும் அதுவே.

11:42இல் எடுத்த படம்தான் முக்கியமானது. நான்கு வயது இருக்கும் ஒரு குழந்தை இடது கனார்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்பா ஒரு கையால் பிடித்திருக்கிறார். அம்மா குழந்தையின் ஷூ லேஸைக் கட்டுகிறார், ஒரு முழங்காலை கனார்டின் மேல் ஊன்றியபடி. மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு. படத்தை அனுப்பியவரும் அந்த அம்மாதான். "பிள்ளை அழகாக இருக்கிறாள் என்று எடுக்கச் சொன்னேன், இப்போது பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது" என்று கீழே எழுதியிருந்தார்.

தூக்கியது

12:15 போல ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தன் அக்கா மகன்கள் இரண்டு பேரோடு வந்தார். கார் மெக்கானிக். விமானத்தைச் சுற்றி வந்து, குனிந்து மூக்குக்கு அடியில் பார்த்தார். முன்சக்கரம் ஒடிந்திருக்கிறது, இந்த மனிதர் இது தெரியாமல் எங்கோ போய்விட்டார் என்று முடிவு செய்துவிட்டார். பையன்களை இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன் என்று நிறுத்தி, தான் நடுவில் மூக்கைப் பிடித்து, "ஒன்று, இரண்டு" சொல்லித் தூக்கினார். அடியில் முட்டுக்கொடுக்க ஒரு மரப்பெட்டியைக்கூட கடையிலிருந்து எடுத்து வந்து தயாராக வைத்திருந்தார்.

பையன்கள் கனார்டின் பின்விளிம்பில் விரலைக் கொடுத்துத் தூக்கினார்கள். பின்விளிம்பு முழுக்க எலிவேட்டர். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பகுதி அது. மூக்கு இடுப்பு உயரத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எடை பின்னால் மாறி, கையை விட்டு நழுவி, விமானம் வாலில் உட்கார்ந்திருக்கும்.

அதற்குள் சீருடையில் இருந்த ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஓடிவந்து "அங்கிள், விடுங்க, விடுங்க!" என்று கத்தினாள். அவள் சொல்ல வந்தது நிறுத்துங்கள் என்று. அவர்கள் கையை விட்டுவிட்டார்கள். மூக்கு ரப்பர் கட்டையின் மேல் 'தொம்' என்று விழுந்தது. நான் அந்தச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

உரிமையாளர் வந்தபோது அந்த மெக்கானிக் முகத்தில் குற்ற உணர்வு இல்லை, கவலைதான் இருந்தது. "அண்ணா, முன்சக்கரம் ஒடிஞ்சு போச்சு, யாரும் இல்ல, அதான் தூக்கி நிறுத்தலாம்னு பாத்தோம்" என்றார். உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒடியல தம்பி, அது அப்படித்தான் நிக்கும்" என்றார்.

இதற்கிடையில் இன்னொரு உதவி. இடது கனார்டில் கறிக்குழம்பு சிந்தியிருந்தது. கடைக்காரப் பையன் ஒருவன், மஞ்சள் கறை போகாது என்று, ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோலில் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தான். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். இந்தக் கனார்டின் உள்ளே இருக்கும் நீல நிற ஃபோம் பாலிஸ்டைரீன் வகை. பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். தோலில் வெடிப்பு இருந்து உள்ளே இறங்கினால் வெளியே தெரியாமல் குழி விழும். கறையைத் தண்ணீரும் சோப்பும் வைத்துத் துடைத்தோம். முழுதாகப் போகவில்லை.

பறப்பதா, வேண்டாமா

அடுத்த ஒரு மணி நேரம் பேச்சுதான் நடந்தது. வீட்டுத் தளத்துக்குப் பறந்தால் இருபது நிமிடம். குளிர்காலத்தில் இங்கே ஐந்து மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். வந்த இடத்தில் கொட்டகை இல்லை. மதியப் பறப்பில் அவர் பெயர் நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருந்தது. நிதி தந்தவர்கள் காத்திருந்தார்கள். பக்கத்து விமானிகள் இரண்டு பேர் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. உரிமையாளர் உள்ளே உட்கார்ந்து, விமானத்தை ஓட்டும் கைப்பிடியான ஸ்டிக்கை அசைத்தார். எலிவேட்டர் இரண்டும் தடையில்லாமல் மேலும் கீழும் போயின.

நான் பாக்கெட்டிலிருந்து நாணயம் எடுத்து கனார்டைத் தட்டிக்கொண்டே போனேன். இது பட்டறையில் தினமும் செய்கிற வேலை. நல்ல இடத்தில் 'டிக், டிக்' என்று கூர்மையாகக் கேட்கும். தோல் பிரிந்த இடத்தில் மொத்தையாகக் கேட்கும். வலது பக்கம் முழுக்க ஒரே சத்தம். இடது பக்கம் நடுவுக்கு வரும்போது, ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சத்தம் செத்துப்போய், மறுபடி உயிர் வந்தது. உரிமையாளரிடம் நாணயத்தைக் கொடுத்தேன். அவரும் தட்டினார், பக்கத்து விமானிகளும் தட்டினார்கள். அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை.

முடிவு உரிமையாளருடையது: பறப்பதில்லை. அவர் சொன்ன காரணம் இரண்டு. லாங்-ஈஸியில் பெரிய சிறகுக்கு முன்பே கனார்ட் தூக்குசக்தியை இழக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். விமானம் மெதுவாகும்போது மூக்கு தானாக இறங்கி வேகம் திரும்பக் கிடைக்கும். விமானத்தின் பாதுகாப்பே கனார்டை நம்பித்தான் இருக்கிறது. இரண்டாவது, அந்த உள்ளங்கை அகலம் எவ்வளவு ஆழம் என்று அந்த மைதானத்தில் நின்று யாராலும் சொல்ல முடியாது. அமைப்பாளர் ஒருவருக்கு வருத்தம்; குரலில் காட்டவும் செய்தார். என் கணக்கில் அன்று எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இது. அதை எடுக்க அவருக்கு நாணயத்தின் சத்தம் உதவியது. தெரியாத சேதத்தை நம்பச் சொல்வது கடினம், காதில் கேட்கவைத்தால் சுலபம்.

அன்றிரவு விமானம் பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரரின் டிராக்டர் கொட்டகையில் தங்கியது. மூக்கை ஒரு இரும்பு வளையத்தில் கயிற்றால் கட்டினோம்.

சோதனையில் தெரிந்தது

அடுத்த வார இறுதியில் கையெழுத்துப் போடும் ஆய்வாளரும் வந்தார். கனார்டை விமானத்திலிருந்து தனியே கழற்றலாம். போல்ட்டுகளை எடுத்து, எலிவேட்டரின் இணைப்புத் தண்டைப் பிரித்தால் கையோடு வந்துவிடும். மேசையில் வைத்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தோம்.

மேல்தோலில் செத்த சத்தம் வந்த இடத்துக்கு அடியில் ஃபோம் நசுங்கி, தோல் பிரிந்திருந்தது. இடம், முழங்கால் ஊன்றிய படத்தோடு பொருந்தியது. குழந்தை உட்கார்ந்த இடத்தில் ஒன்றுமில்லை. நான்கு வயதுக் குழந்தையின் எடை உட்காரும்போது பரவிவிடும். ஆள் உட்கார்ந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஷூ லேஸ் கட்டிய முழங்கால்தான் வேலையைக் காட்டியது.

இடது எலிவேட்டரின் பின்விளிம்பில் மேல்தோலும் கீழ்த்தோலும் ஒட்டுகிற கோடு ஒரு சாண் நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. நகத்தால் அழுத்தினால் திறந்து மூடியது. பையனின் விரல்கள் பட்ட இடம். ஸ்டிக்கை அசைத்துப் பார்த்ததில் இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, கீல்கள் நன்றாகத்தான் இருந்தன. பறக்கும்போது அந்த வாயில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று ஆய்வாளரைக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மூக்கின் அடியில் மெல்லிய வெடிப்பு ஒன்று இருந்தது. தேய்த்துப் பார்த்ததில் பெயின்ட்டோடு நின்றுவிட்டது. முன்சக்கரத்தை மடக்கும் பொறிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழுது

ஃபைபர்கிளாஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை, அதனால் சுருக்கமாக. பிரிந்த தோலை வெட்டி எடுத்தோம், நசுங்கிய ஃபோமைச் சுரண்டினோம், எபாக்ஸியில் கண்ணாடி நுண்குமிழிகள் கலந்த பசையால் நிரப்பினோம். சுற்றிலும் பழைய தோலைச் சரிவாகத் தேய்த்து, துணியை முதலில் இருந்த அதே திசையில், ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிடப் பெரிதாக வைத்து ஒட்டினோம்.

காத்திருந்ததுதான் அதிகம். கடலோர ஈரக்காற்றில் எபாக்ஸியின் மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அடுத்த அடுக்கு அதில் சரியாக ஒட்டாது. இங்கே குளிர்காலத்தில் மலைப்பக்கத்திலிருந்து சில நாள் உலர்ந்த சூடான காற்று வீசும், பெர்க் காற்று என்பார்கள். உரிமையாளர் அதற்காகக் காத்திருந்தார். படகு என்றால் நான் ஹீட்டரைப் போட்டு வேலையை முடித்திருப்பேன்.

எலிவேட்டரில் வேறொரு சிக்கல். அதன் முன்பக்கத்தில் ஈயக் கட்டைகள் இருக்கின்றன. கீலில் தொங்கவிட்டால் முன்பக்கம் கீழே இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்துப் போனால் வேகத்தில் எலிவேட்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அந்த அதிர்வு சில நொடியில் அதைப் பிய்த்துவிடும். நாம் பழுது பார்த்தது பின்விளிம்பில். கீலிலிருந்து மிகத் தூரத்தில் சேர்க்கும் ஒவ்வொரு கிராம் பசையும் பெயின்ட்டும் கணக்கில் வரும். ஒட்டிய பிறகு தொங்கவிட்டுப் பார்த்தபோது இறங்க வேண்டிய அளவுக்கு முன்பக்கம் இறங்கவில்லை. பெயின்ட்டை மறுபடி தேய்த்து மெலிதாக அடித்து, மீண்டும் தொங்கவிட்டோம். வரைபடத்தில் சொன்ன எல்லைக்குள் வந்த பிறகே ஆய்வாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

தரையில் வேகமாக ஓட்டி மூக்கு எழும்புவதைப் பார்த்தார் உரிமையாளர். அப்புறம் தனியாகப் பறந்து, நல்ல உயரத்தில் வேகத்தைக் குறைத்து, மூக்கு பழையபடி இறங்கி எழுகிறதா என்று சோதித்தார். எல்லாம் முன்போலவே இருந்தது.

பணமும் மனிதர்களும்

அந்த மெக்கானிக் மறுநாளே போன் செய்து செலவைத் தருகிறேன் என்றார். உரிமையாளர் வாங்கவில்லை. மனிதர் விடவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெயின்ட் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். கார் பெயின்ட் வேலை தெரிந்த கை, எங்களைவிட நன்றாகவே தேய்த்தார். முழங்கால் ஊன்றிய அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. படத்தை மறைக்காமல் அனுப்பியதற்கு நன்றி சொன்னார்கள்.

அமைப்பாளர்கள் கூட்டத்தில் யார் தவறு என்று கொஞ்ச நேரம் ஓடியது. "பொதுமக்கள் ஒழுங்கில்லை" என்று ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படங்களில் இருக்கும் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் தொடவில்லை. பையைத் தரையில் வைக்க மனமில்லாதவர், பிள்ளைக்கு லேஸ் கட்டியவர், உடைந்ததைத் தூக்கி நிறுத்த வந்தவர், கறை துடைக்க வந்தவர். சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தியதும், எல்லா விமானிகளையும் ஒரே நேரத்தில் கூட்டத்துக்கு அழைத்ததும்தான் சேதத்துக்கு வழி விட்டன.

மாற்றியவை

முதலில் அறிவிப்புப் பலகை. முன்பு 'தொடாதீர்கள்' என்று இருந்தது. அதைப் படித்தும் தூக்கத்தான் செய்தார்கள், ஏனென்றால் உடைந்த பொருளுக்கு அந்தச் சொல் பொருந்தாது என்று நினைக்கிறார்கள். புதிய பலகையின் முதல் வரி: 'இந்த விமானம் உடையவில்லை. இப்படித்தான் நிற்க வேண்டும். தூக்கினால் பின்னால் விழுந்துவிடும்.' ஆங்கிலம், ஜூலு, தமிழ் மூன்றிலும் உரிமையாளர் எழுதியிருக்கிறார். தமிழ் வரி தாத்தா பாட்டிகளுக்காக. ஆனால் அதைப் படம் எடுத்துக்கொள்வது பேரப்பிள்ளைகள்தான். பலகை வந்த பிறகு 'என்ன ஆச்சு இதுக்கு?' என்ற கேள்வி பெரும்பாலும் நின்றுவிட்டது, 'ஏன் பின்னால் விழும்?' என்று கேட்கிறார்கள். அவருக்கும் அதைச் சொல்லத்தான் ஆசை.

மூக்கைத் தரையோடு கட்டுகிறார். புல்தரையில் திருகி இறக்கும் இரும்புக் கொக்கியைப் போட்டு, அதிலிருந்து மூக்கின் வளையத்துக்குப் பட்டை. தூக்க முயன்றாலும் வராது. எல்லா மாற்றத்திலும் எனக்கு மிகப் பிடித்தது இது. யாரும் எதையும் படிக்கவோ கேட்கவோ வேண்டியதில்லை.

கயிறு இப்போது நான்கு பக்கமும், விமானத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. பின்பக்கத்தை மறக்கக் கூடாது, புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் எப்போதும் உண்டு. சூடான இயந்திரம் சில சமயம் அந்தச் சுற்றலிலேயே ஓடத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் நாடா வேண்டாம். தொய்ந்து விழுந்தால் அதைத் தாண்டலாம் என்று அர்த்தமாகிவிடுகிறது.

தொடுவதற்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது அவர் மனைவியின் யோசனை. கயிற்றுக்கு வெளியே ஒரு மேசை. அதில் எங்கள் பழுதில் வெட்டி எடுத்த தோல் துண்டு, ஒரு ஃபோம் கட்டை, ஒரு நாணயம். தட்டிப் பார்க்கச் சொல்கிறார். பிள்ளைகள் அந்த மேசையை விட்டு நகர்வதில்லை. பெரியவர்களும்தான்.

ஆள் இருப்பதை எழுத்தில் வைத்திருக்கிறார்கள்: விமானிகள் கூட்டம் இரண்டு பிரிவாக நடக்கும், பாதிப்பேர் வரிசையில் நிற்பார்கள். சாப்பாட்டுக் கூடாரங்கள் மைதானத்தின் எதிர்ப்பக்கம் போய்விட்டன. கத்தி ஓடிவந்த அந்தப் பெண்ணும் அவள் தோழிகளும் இப்போது ஆளுக்கு இரண்டு விமானம் பார்க்கிறார்கள். 'விடுங்க' என்று கத்தாமல் 'அப்படியே பிடிங்க, மெதுவா இறக்குங்க' என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

கனார்டுக்கு ஒரு பஞ்சு வைத்த துணி உறையும் தைத்தார். இது பாதிதான் பலன் தந்தது. உட்காரும் ஆசையைக் குறைக்கிறது, சிந்துவதைத் தடுக்கிறது. ஆனால் வடகிழக்குக் கடற்காற்று ஏறும்போது உறை அடித்துக்கொண்டு அடியில் சிக்கிய கரியால் பெயின்ட்டைத் தேய்க்கிறது. காற்று வந்தால் கழற்றிவிடுகிறார்.

இன்னும் தீராதது

எரிபொருள் நிரப்ப வேறு தளத்தில் இறங்கும்போது கயிறும் கொக்கியும் இல்லை. தார்த் தளத்தில் கொக்கி இறங்கவும் செய்யாது. பணம் கட்ட அலுவலகத்துக்குப் போகும் பத்து நிமிடம்தான் ஆபத்து. யாராவது பாவம் என்று தூக்கிவிடுவார்கள். பலகையின் முதல் வரியைச் சின்னதாக அச்சடித்து மேல்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். பின் இருக்கையில் ஒரு காலி கான்வாஸ் பையும் வைத்திருக்கிறார், இறங்கும் இடத்தில் மணலோ தண்ணீர் கேனோ கிடைத்தால் நிரப்பி, முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் போட. திரும்பி வந்ததும் கிளம்புவதற்கு முன் நாணயத்தை எடுத்து கனார்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டுகிறார். அவசரமாக இருந்தால் எலிவேட்டரின் பின்விளிம்பை மட்டுமாவது விரலால் தடவிவிட்டுத்தான் ஏறுகிறார்.